ஹவாய்ல வடக்கு தெற்குன்னு வழி சொல்ல மாட்டாங்க (எரிமலைத் தீவுகள், அந்த மண்ணு, அந்த மக்கள்)

மழைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பயண இழைல ஒருத்தர் ஹவாய்னா பீச்சு, பூமாலை, இடுப்பாட்டம் அவ்ளோதானேன்னு கேட்டிருந்தார். அங்கயே பதில் எழுத ஆரம்பிச்சு நீளமா போயிடுச்சு, அதான் தனியா போடுறேன். நான் அங்க பெரிய தீவுல ஹீலோங்கிற ஊர்ல நாலு வருஷம் குடியிருந்தேன், வீட்டுக்காரருக்கு அங்க வேலை. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுற ஊரு, என் பேரு அங்கேர்ந்து வந்ததுதான்.

போன முதல் வாரம் போஸ்ட் ஆபீஸுக்கு வழி கேட்டேன். ஒரு பாட்டிம்மா "ரெண்டாவது சிக்னல்ல மவ்கா பக்கம் திரும்பு"ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது, மவ்கான்னா மலைப்பக்கம், மகாய்னா கடல்பக்கம். நடுவுல எரிமலை, சுத்தி கடல், ரோடு வளையம் மாதிரி தீவைச் சுத்திப் போகுது, அதுல வடக்கு தெற்கு சொன்னா யாருக்கு என்ன பிரயோஜனம், தீவோட எந்த மூலைல நின்னாலும் மலை எங்க கடல் எங்கன்னு கண்ணுக்குத் தெரியும். ரேடியோல ட்ராஃபிக் சொல்றவங்க கூட இப்படித்தான் சொல்லுவாங்க. எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம்ம கிழக்கும் மேற்கும்தான். கீழ்-லேர்ந்து கிழக்கு, மேல்-லேர்ந்து மேற்கு. நம்ம நிலமும் மேக்கே மலைலேர்ந்து கிழக்கே கடலுக்கு சரிஞ்சுதானே கிடக்கு. அவங்களோடதும் நம்மளோடதும் நிலத்தைப் பாத்துப் பொறந்த வார்த்தைங்க.

இந்த இழைல நான் சொல்ல நினைக்கிறது இதுதான். அந்தத் தீவோட பூகோளம் அங்க இருக்கிற ஜனங்களோட வார்த்தைலயும் பாட்டுலயும்தான் இருக்கு, அதை விட்டுட்டு மேப்பை மட்டும் பாத்தா பாதிதான் தெரியும்.

மேப்பையும் சொல்லிடுறேன். பசிபிக் நடுவுல, கலிபோர்னியாவிலேர்ந்து 3,800 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. பெரிய தீவுங்க எட்டு. கடலுக்கு அடியில ஒரே இடத்துல சூடு மேல எழும்பிக்கிட்டே இருக்கு, அதுக்கு மேல பசிபிக் தட்டு (கடலுக்கு அடித்தரையா இருக்கிற பெரிய பாறைப் பாளம்) வருஷத்துக்கு 7லேர்ந்து 10 சென்டிமீட்டர் வடமேற்கா நகருது, அடுப்பு அங்கயே இருக்கு, தோசைக்கல்லு மட்டும் நகந்துக்கிட்டே போகுதுன்னு வச்சுக்கோங்க, அதனால ஒண்ணு பின்னால ஒண்ணா தீவு. வடமேற்குல கவாயி ஏறத்தாழ 50 லட்சம் வருஷப் பழசு, அப்புறம் ஒவாஹு (ஹொனலுலு இருக்கிற தீவு), மோலோகாயி, மாவி, கடைசியா பெரிய தீவு, அதுக்கு 10 லட்சம் வருஷம் கூட ஆகல. இந்த அடுப்பு விளக்கத்தை 1963ல சொன்னவர் கனடாக்காரர் டூசோ வில்சன்.

இப்ப அந்த ஊர்க் கதையக் கேளுங்க. பேலேன்னு எரிமலைத் தெய்வம், பெண் தெய்வம். தூரத்து நாட்டுலேர்ந்து தோணில வந்தா. கையில ஒரு தோண்டுகோல். அவளைத் துரத்திக்கிட்டு வர்றது அவ அக்கா, கடல் தெய்வம் நாமகாவோகஹாயி. பேலே முதல்ல கவாயில குழி தோண்டுறா, தண்ணி வந்து நெருப்பு அணைஞ்சுடுது. ஒவாஹுல தோண்டுறா, அங்கயும் அதே கதி. மோலோகாயி, மாவி. கடைசியா பெரிய தீவுல கீலாவேயா மலைல ஹலெமாவுமாவுங்கிற குழில நெருப்பு நிலைக்குது, இன்னிக்கும் அங்கதான் இருக்கா. தீவுங்க எந்த வரிசைல உண்டாச்சுன்னு புவியியல்காரங்க சொல்றாங்களோ அதே வரிசை.

கணக்குப்பிள்ளை:

அக்கா அருமையா இருக்கு. ஒரு சந்தேகம், தட்டு நகந்துக்கிட்டே இருந்தா கவாயிக்கு முன்னாடி இருந்த தீவுங்க எங்க போச்சு?

மழைக்காரி:

முங்கிடுச்சு தம்பி. அடுப்பை விட்டு நகந்ததும் மலை வளர்றது நிக்கும், மழையும் அலையும் கரைக்கும், அதோட கனத்துக்கு கீழ இருக்கிற தட்டே அமுங்கும். சுத்தி வளந்த பவளப்பாறை மட்டும் வளையமா மிஞ்சும். கவாயிக்கு வடமேற்க மிட்வே, குரே எல்லாம் அப்படி மிஞ்சுனதுதான். குரேக்கு அந்தப்பக்கம் கடல் குளிர்ச்சி அதிகம், பவளம் முங்குற வேகத்துக்கு வளர முடியாது, முழுசா கடலுக்குள்ள போயிடும். அங்கேர்ந்து கடலடி மலைகளா ரஷ்யாவோட கம்சாத்கா பக்கம் வரைக்கும் போகுது, மொத்த வரிசையும் 6,000 கிலோமீட்டர், அந்தக் கடைசி முனைல இருக்கிறது ஏறத்தாழ 8 கோடி வருஷப் பழசு.

இந்தப்பக்கம் அடுத்த தீவும் தயாராகுது. பெரிய தீவுக்குத் தென்கிழக்க 35 கிலோமீட்டர் தள்ளி கடலுக்கு அடியில ஒரு எரிமலை, உச்சி இன்னும் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்துல இருக்கு. முன்னாடி லோயிஹின்னு சொல்லுவாங்க, 2021ல காமஎஹுவாகனலோவான்னு பழைய பேரையே திருப்பி வச்சாங்க, கனலோவா கடல் தெய்வம், அவரோட செவந்த பிள்ளைன்னு அர்த்தம் வரும். விஞ்ஞானிங்க கடலடில அளந்து பாக்குறதுக்கு முன்னாடியே பாட்டுல இருந்த பேரு அது.

பாறைப்பித்தன்:

வணக்கம் மேடம். நான் எம்.எஸ்சி ஜியாலஜி, சேலம். அந்த பேலே வரிசை விஷயத்துல கொஞ்சம் நிதானமா போகணும்னு நினைக்கிறேன். முதல் விஷயம், ஒவாஹுல பேலே தோண்டுனதா சொல்ற எரிமலை வாயெல்லாம் அந்தத் தீவு உண்டாகி ரொம்ப காலம் கழிச்சு திரும்ப வெடிச்சதுல வந்ததுங்க, டைமண்ட் ஹெட்ங்கிற எரிமலைக் குன்று எல்லாம் தீவை விட ரொம்ப இளசு. ரெண்டாவது, மாவில இருக்கிற ஹாலேயாகலா இன்னும் செத்துப்போன எரிமலை இல்ல, சில நூறு வருஷம் முன்னாடி கூட லாவா வந்திருக்கு. ஜனங்க அந்தத் தீவுகளுக்குக் குடி வந்தே 800, 1,000 வருஷம்தான் ஆகுது. 50 லட்சம் வருஷத்து விஷயம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? கதைல பின்னாடி அறிவியலைத் தேடுறது நம்ம ஊர்லயும் நடக்குது, எனக்கு அது பிடிக்காது.

மழைக்காரி:

நீங்க சொல்றது நியாயம், வருஷக் கணக்கு அவங்களுக்குத் தெரியும்னு நான் சொல்லல. கண்ணால பாத்தாங்கன்னுதான் சொல்றேன். கவாயில மலையெல்லாம் கூர்கூரா வெட்டுப்பட்டு, பள்ளத்தாக்கு ஆழமா போயி, மண்ணு செவப்பேறி, அடர்த்தியா பச்சை. பெரிய தீவுக்கு வந்தா நேத்துதான் கொட்டுன மாதிரி கருப்புக் கல்லு, மண்ணே கிடையாது. ஒரே ஆயுசுல தோணி ஏறி எல்லாத் தீவும் போய் வந்தவனுக்கு எது கெழடு எது இளசுன்னு தெரியாதா? 1840-41ல அமெரிக்கக் கப்பல்ல வந்த ஜேம்ஸ் டேனாங்கிற புவியியல்காரரும் இதே அரிப்பைப் பாத்துத்தான வடமேற்குத் தீவு மூத்ததுன்னு எழுதினார், அவர்கிட்டயும் வயசு அளக்கிற கருவி இல்லையே. அவர் பாத்தா அறிவியல், இவங்க பாத்து பாட்டா கட்டி வச்சா கதையா?

இன்னொண்ணும் இருக்கு. பேலேவோட கடைசித் தங்கச்சி ஹியியாகா. பேலே அவளைக் கூப்பிட்டு, கவாயிக்குப் போய் லோஹியாவுங்கிற என் ஆளைக் கூட்டிட்டு வா, 40 நாளைக்குள்ள வந்துடணும்னு அனுப்புறா. பதிலுக்கு ஹியியாகா கேக்குறது ஒண்ணே ஒண்ணு, நான் வர்ற வரைக்கும் என் ஓஹியா மரக்காட்டை எரிச்சுடாதே. வழில ஆயிரம் தடங்கல், நாளாயிடுது. பேலே கோவத்துல காட்டை எரிச்சுடுறா. திரும்பி வந்து அதைப் பாத்த ஹியியாகா எரிமலை விளிம்புல நின்னு பேலே கண்ணெதிரயே லோஹியாவுவைக் கட்டிப்பிடிச்சுக்கிறா. பேலே அவனை நெருப்பால கொன்னுடுறா. அவன் உடம்பைத் தேடி ஹியியாகா அந்த இடத்தையே தோண்டுறா தோண்டுறா, பாறையெல்லாம் பறக்குது. இதுக்கு மேல தோண்டாதே தண்ணி வந்துடும், பேலே நெருப்பே அணைஞ்சுடும்னு சொல்லித் தடுக்கிறாங்க.

கீலாவேயா உச்சில இருக்கிற பெரிய பள்ளம் 1790 வாக்குல விழுந்ததுன்னுதான் ரொம்ப காலமா புவியியல்காரங்க நெனச்சிட்டு இருந்தாங்க. அப்புறம் அமெரிக்கப் புவியியல் துறைல டொனால்ட் ஸ்வான்சன் மண்ணு அடுக்கையும் கரியையும் வச்சுப் பாத்தா 1500 வாக்குல விழுந்திருக்கு. அதுக்கு முந்தி 15ஆம் நூற்றாண்டுல ஏறத்தாழ 60 வருஷம் விடாம லாவா ஓடி கிழக்குக் காட்டை மூடியிருக்கு. முதல்ல காடு எரிஞ்சது, அப்புறம் பள்ளம் விழுந்தது. கதைல வர்ற அதே வரிசை. பாட்டை முன்னாடியே காது கொடுத்துக் கேட்டிருந்தா நேரம் மிச்சமாகியிருக்கும்னுதான் 2008ல வந்த அவர் கட்டுரையோட சாரமே.

பாறைப்பித்தன்:

மேடம், நேத்து ராத்திரி பூரா அந்தக் கட்டுரையத்தான் படிச்சிட்டு இருந்தேன். ஒத்துக்கிறேன். 50 லட்சம் வருஷத்துக்கு என் சந்தேகம் அப்படியே இருக்கு, ஆனா ஜனங்க கண்ணெதிர நடந்த 400 வருஷத்துக்கு அந்தப் பாட்டுங்க நல்ல சாட்சி. நானும் ஒண்ணு சேத்துக்கிறேன், எனக்கே உடம்பு சிலிர்த்துடுச்சு. 2018 மே மாசம் கீலாவேயா கிழக்குப் பக்கம் வெடிச்சு 700 வீடு போச்சில்லையா, லாவா எல்லாம் கீழ வடிஞ்சதால உச்சில ஹலெமாவுமாவு இன்னும் 500 மீட்டர் ஆழமா இறங்கிடுச்சு. 2019 ஜூலைல அந்தக் குழி அடியில பச்சையா ஒரு குட்டை. ஆழமா போனதும் நிலத்தடி நீர் ஊறி வந்திருக்கு. நாளுக்கு நாள் ஏறி 50 மீட்டர் ஆழத்துக்கு ஏரியாவே ஆயிடுச்சு, 2020 டிசம்பர் 20 ராத்திரி லாவா வந்து மொத்தத்தையும் ஆவியாக்கிடுச்சு. இதுக்கு மேல தோண்டாதே தண்ணி வந்துடும்னு சொன்னாங்களே, அந்த வரி.

அப்புறம் உலகம் பூரா ஜியாலஜி கிளாஸ்ல சொல்ற ரெண்டு வார்த்தை, வழவழன்னு கயிறு திரிச்ச மாதிரி ஆறுற லாவாவுக்கு பாஹோயிஹோயி, முள்ளு முள்ளா உடைஞ்சு கிடக்குறதுக்கு ஆஆ. ரெண்டுமே ஹவாய்ச் சொல்லு. நான் பரிச்சைக்கு மனப்பாடம் பண்ணுனப்போ அது எந்த ஊர் பாஷைன்னு ஒருத்தரும் சொல்லித் தரல.

நெல்லைச்சீமை:

ஏ பிள்ளைகளா நான் பாறைக்கெல்லாம் வரல, எனக்கு மரம்தான். நமக்குத் தோட்ட வேலை, அந்தத் தீவுக்குப் போன ஜனங்க தோணில என்னென்ன செடி கொண்டு போனாங்கன்னு தேடிப் படிச்சேன், படிக்கப் படிக்க நம்ம வீட்டுப் பொறவாசல்ல நிக்குத மாதிரி இருந்துச்சு. அவங்க காமானிங்கிறது நம்ம புன்னை, அதே மரம். மீலோங்கிறது நம்ம பூவரசு, நாம சின்னப் பிள்ளைல இலையச் சுருட்டி பீப்பீ ஊதுனோமே அதேதான், அவங்க அந்தக் கட்டைலதான் சோத்துக் கிண்ணம் கடைஞ்சிருக்காங்க, சாப்பாட்டுல மரவாசம் ஏறாதாம். ஹாலாங்கிறது தாழை ஜாதி, அந்த ஓலைலதான் பாயும் தோணிக்குப் பாய்மரச் சீலையும் பின்னியிருக்காங்க. ஓலேனாங்கிறது மஞ்சள். அதைக் கடல் தண்ணில கலந்து வீட்டுலயும் ஆள்மேலயும் தெளிச்சு தீட்டுக் கழிக்கிறாங்களாம், இதுக்கு மேல நான் என்ன சொல்லணும். உலுங்கிறது ஈரப்பலா. தென்னை, கரும்பு, வாழை, சேம்பு எல்லாம் உண்டு. பாத்திப் போட்டுப் பயிர் பண்ணுத ஜனம் நட்டநடுக் கடல்ல கன்னு காயாம தூக்கிட்டுப் போயிருக்கு, தண்ணிய தனக்கு ஊத்துனானா செடிக்கு ஊத்துனானான்னுதான் எனக்கு யோசனையா இருக்கு.

மழைக்காரி:

அண்ணாச்சி நீங்க சேம்புன்னு ஒரு வார்த்தைல தாண்டிப் போயிட்டீங்க, அங்க அதுதான் எல்லாம். காலோம்பாங்க. வான அப்பன் வாகேயாவுக்கு முதல் குழந்தை செத்துப் பொறந்துது. புதைச்ச இடத்துல மொளச்சதுதான் சேம்பு. அடுத்துப் பொறந்த மனுஷக் குழந்தைக்கு ஹாலோவான்னு அண்ணன் பேரையே வச்சாங்க, அவன் வழிதான் ஜனங்க எல்லாரும். அதனால சேம்பு அவங்களுக்கு அண்ணன். தம்பி தண்ணி பாச்சிப் பாத்துக்கணும், அண்ணன் சோறு போடணும். சேப்பங்கிழங்கை அவிச்சு இடிச்சுப் பிசைஞ்சு போய்னு ஒரு கூழ் செய்வாங்க, போய்க் கிண்ணம் திறந்திருக்கும்போது வீட்ல சண்டை போடக்கூடாது, அண்ணன் உக்காந்திருக்காரு. ஒரு ஹவாய்க்கார வீட்ல சாப்பிட்டப்போ பையன் குரலை உசத்துனான், பாட்டி ஒண்ணும் பேசல, கிண்ணத்தைக் கண்ணால காட்டுனாங்க, அவன் அடங்கிட்டான். சங்கப்பாட்டுல புன்னை மரத்தைக் காட்டி இது உனக்குக் கூடப்பொறந்த பொண்ணுன்னு அம்மா சொன்னதா, அந்த மர நிழல்ல காதலனோட பேச வெக்கமா இருக்குன்னு வருமில்ல, எனக்கு அன்னிக்கு ராத்திரி பூரா அதே நெனப்பு.

குடும்பத்துக்கு அவங்க சொல்ற வார்த்தை ஓஹானா. சேம்போட பக்கக்கன்னுக்கு ஓஹா, அதுலேர்ந்து வந்தது. நம்ம வாழையடி வாழை மாதிரி.

குமரித்தம்பி:

அனைவருக்கும் வணக்கம். இவ்வளவு ஒற்றுமை இருக்கே, பூவரசு புன்னை மஞ்சள் எல்லாம், இது குமரிக்கண்டம் பசிபிக் வரைக்கும் இருந்ததுக்கு ஆதாரம்னு எடுத்துக்கலாமா? கடல்கோள்ல தப்பிச்ச நம்ம முன்னோர் அங்க போயிருக்கலாம்ல? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிள்ளான் மாலா:

தம்பி நான் மலேசியா. எனக்கு மலாய் தெரியும், அதனால சொல்றேன், ஹவாய் பாஷைக்குச் சொந்தக்காரங்க இங்கதான் இருக்காங்க. அஞ்சுக்கு மலாய்ல லிமா, ஹவாய்லயும் லிமா. கண்ணு மாத்தா, அங்க மாகா. நெருப்பு ஆப்பி, அங்க ஆஹி. வானம் லாங்கிட், அங்க லானி. மீனு ஈகான், அங்க ஈஆ. ஆமை பெஞ்ஞு, அங்க ஹோனு. மழை ஊஜான், அங்க ஊவா. இது ஏதோ ரெண்டு மூணு வார்த்தை தற்செயலா ஒத்துப்போறது இல்ல, எழுத்து எழுத்தா ஒழுங்கா மாறியிருக்கு பாருங்க, 'த' வர்ற இடத்துல எல்லாம் 'க'. தஹித்தில தாப்பு, ஹவாய்ல காப்பு, உலகம் பூரா தபூன்னு சொல்றாங்களே தீட்டு விலக்கு, அது இந்தக் குடும்பத்துச் சொல்லுதான். தைவான்லேர்ந்து கிளம்புன ஜனங்க ஒரு கிளை பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலாய், அங்கேர்ந்து மேக்க மடகாஸ்கர் வரைக்கும், கிழக்க சமோவா, தோங்கா, அப்புறம் தஹித்தி, மார்க்கேசாஸ், ஹவாய், ஈஸ்டர் தீவு, கடைசியா நியூசிலாந்து. நம்மளோட கலப்பில்லாம அவங்களே செஞ்ச பயணம் அது. செடிங்க ஒண்ணா இருக்குன்னா இந்தக் கடல் ஓரம் பூரா அந்தச் செடிங்க இருக்கு, அவ்ளோதான்.

மழைக்காரி:

மாலா அக்கா சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. குமரித்தம்பி, நீங்க ஆசையாத்தான் கேட்டீங்க, புரியுது. ஆனா அந்த ஜனங்ககிட்ட ரொம்ப காலமா இதைத்தான் செஞ்சாங்க. இவங்களால இவ்ளோ தூரம் வந்திருக்க முடியாது, காத்து அடிச்சுத் தள்ளிட்டு வந்திருக்கும், வேற யாரோ கூட்டிட்டு வந்திருப்பாங்கன்னு வெளியாளுங்க எழுதி எழுதியே அவங்க பிள்ளைங்களே நம்பிட்டாங்க. அதை ஒடைக்கத்தான் 1973ல ஒரு சங்கம் ஆரம்பிச்சு, 1975ல ஹோகூலேயான்னு பழைய முறைல இரட்டைத் தோணி கட்டி, 1976 மே 1 மாவிலேர்ந்து கிளம்பி, திசைகாட்டி கிடையாது, மேப் கிடையாது, 4,000 கிலோமீட்டருக்கு மேல, ஜூன் 4 தஹித்தி போய்ச் சேந்தாங்க. துறைமுகத்துல ஊரே திரண்டு நின்னுச்சு.

இதுல மனசைப் பிசையிற விஷயம் என்னன்னா அந்தப் பயணத்துக்கு வழி காட்ட ஹவாய்ல ஒரு ஆள் இல்ல, வித்தை அத்துப் போச்சு. மைக்ரோனீசியால சடவால்னு ஒரு துளித்தீவு, அங்கேர்ந்து மாவ் பியாய்லுக்னு ஒருத்தர் வந்தார். தாத்தா சொல்லிக் கொடுத்த வித்தை. தோணியோட அடில படுத்து, எந்த அலை எந்தப் பக்கத்துலேர்ந்து வந்து இடிக்குதுன்னு முதுகால தெரிஞ்சுக்குவார். அவர்கிட்ட கத்துக்கிட்டு 1980ல நைனோவா தாம்சன் தானே வழி பாத்து தஹித்தி போய் வந்தார், ஹவாய்க்காரர் ஒருத்தர் அப்படிப் போனது பல நூறு வருஷத்துக்கு அப்புறம் அதுதான். நடுவுல 1978ல தோணி கவுந்துடுச்சு. எடி அய்காவுன்னு அலைச்சறுக்கு வீரர், கடல்ல எத்தனையோ பேரைக் காப்பாத்துனவர், உதவி கொண்டு வர்றேன்னு பலகைல படுத்துத் துடுப்புப் போட்டுக் கிளம்புனார். மத்தவங்க பொழைச்சாங்க. அவர் திரும்பவே இல்ல.

வானம்பாத்தவன்:

அக்கா, ஹோகூலேயான்னா எந்த நட்சத்திரம்னு நீங்க சொல்லல. நம்ம சுவாதி நட்சத்திரம்தான் அது! ஹோகூ நட்சத்திரம், லேயா சந்தோஷம். ஹவாய் இருக்கிற அட்சரேகைக்கு அது சரியா தலை உச்சில தாண்டிப் போகும். தெக்கேர்ந்து வர்ற ஆள் ராத்திரி ராத்திரி பாத்துக்கிட்டே வரணும், சுவாதி வடக்குச் சரிவுலேர்ந்து ஏறி ஏறி நேர் உச்சிக்கு வந்துட்டா அவன் ஹவாய் மட்டத்துக்கு வந்துட்டான், அப்புறம் காத்துக்கு அனுசரிச்சுத் திரும்பணும். நம்ம ஊர்லேர்ந்து பாத்தா உச்சிக்குக் கொஞ்சம் வடக்க தள்ளி நிக்கும். வைகாசி ராத்திரி ஒம்பது மணிக்கு மொட்டைமாடில நின்னு சப்தரிஷி மண்டலத்து வால் வளையிற பக்கமே பாத்துட்டு வாங்க, ஆரஞ்சு நிறத்துல பளிச்னு இருக்கும்.

நிலம் பக்கத்துல வந்துடுச்சான்னு பறவையை வச்சுக் கண்டுபிடிப்பாங்க. சில பறவைங்க காலைல கடலுக்குப் போயி சாயங்காலம் கரைக்குத்தான் திரும்பும், அது பறக்கிற திசைலதான் தீவு.

ஆனா ஒரு விஷயத்துல எனக்கு உங்ககிட்ட கேள்வி இருக்கு. வானத்தைப் படிச்ச இதே ஜனங்க மௌனா கேயா மேல முப்பது மீட்டர் தொலைநோக்கி கட்டுறதை ஏன் எதிர்க்கிறாங்க? 4,207 மீட்டர், மேகத்துக்கு மேல, உலகத்துலயே நல்ல வானம் தெரியுற இடத்துல ஒண்ணு. நம்ம இந்தியாவும் அதுல பங்குதாரர். நான் அந்தத் தொலைநோக்கி வரணும்னு ஆசைப்படுறவன்.

மழைக்காரி:

தம்பி இந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளயே ஓடுன கேள்வி. வீட்டுக்காரர் உங்க கட்சி. எனக்கும் வானம் பிடிக்கும். ஆனா அங்க இருந்து பாத்தேன். மௌனா கேயா அவங்களுக்கு வாகேயாவோட மலை, பனித் தெய்வம் போலியாஹு இருக்கிற இடம், கடலடிலேர்ந்து அளந்தா 10,000 மீட்டருக்கு மேல, எவரெஸ்ட்டை விட உசரம். 1960கள்லேர்ந்து ஒண்ணு ஒண்ணா 13 தொலைநோக்கி ஆயிடுச்சு, ஒவ்வொரு தடவையும் இது கடைசின்னு ஜனங்களுக்குத் தோணும்படிதான் பேச்சு. 2019 ஜூலைல முப்பதுக்கும் மேற்பட்ட பெரியவங்க, எழுபது எம்பது வயசு, ரோட்டுல நாற்காலி போட்டு உக்காந்து கைதானாங்க. அவங்க வானத்தை வேணாங்கல, எங்களைக் கேக்காம எங்க மலைல இன்னொண்ணு வேணாங்கறாங்க. 1893 ஜனவரி 17 அவங்க ராணி லிலியுவோகலானியை கரும்பு முதலாளிங்க சேந்து அமெரிக்கப் படை இறங்கி நிக்கிற தைரியத்துல கவுத்தாங்க. 1897ல எங்களை அமெரிக்காவோட சேக்காதீங்கன்னு 21,000 பேருக்கு மேல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க, அடுத்த வருஷமே சேத்துக்கிட்டாங்க. தப்புதான்னு அமெரிக்கப் பார்லிமென்ட் மன்னிப்புத் தீர்மானம் போட்டது 1993ல, நூறு வருஷம் கழிச்சு. கேக்காம எடுத்துக்கிட்டது ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. 2022ல சட்டம் போட்டு மலையப் பாத்துக்கிற பொறுப்புல ஹவாய்க்காரங்களையும் சேத்திருக்காங்க, 2024ல ரெண்டு பழைய தொலைநோக்கியைக் கழட்டி இறக்கிட்டாங்க. இப்படிப் போனா பேச ஒரு வழி இருக்குன்னு நினைக்கிறேன்.

வானம்பாத்தவன்:

கேக்காமங்கிறது எனக்கு உறைக்குது அக்கா. தொலைநோக்கி வேணும்ங்கிற ஆசை போகல, ஆனா அவங்க சரின்னு சொன்னாத்தான்.

வன்னியாள்:

வணக்கம். இந்த இழையை ரெண்டு நாளா வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். கவாயித் தீவைப் பற்றி ஒருத்தரும் பெரிசாக் கதைக்கேல்லை, எங்களுக்கு அந்தத் தீவோட ஒரு தொடர்பு இருக்கு. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியிட்டை 1949இல தீட்சை வாங்கின அமெரிக்கர் சிவாய சுப்பிரமுனியசுவாமி, 1970இல கவாயில ஆதீனம் தொடங்கினவர். அங்க இறைவன் கோயில் எண்டு முழுக்கக் கருங்கல்லில ஒரு கோயில், வரைபடம் வை. கணபதி ஸ்தபதி, கன்னியாகுமரியில வள்ளுவர் சிலை செய்த அதே ஸ்தபதிதான். பெங்களூருக்குக் கிட்ட கையால செதுக்கிக் கப்பலில கொண்டுபோய் அடுக்கினது, 2023 பங்குனியில கும்பாபிஷேகம் நடந்தது. பெரிய ஸ்படிக லிங்கம். அந்த இடம் வாய்லுவா ஆத்தங்கரை, ஹவாய்ச் சனத்துக்கும் அது பழைய புனித இடம். மேல வாய்யலெயலே மலை, வருசத்துக்கு ஏறத்தாழ 10,000 மில்லிமீற்றர் மழை பெய்யிற மலை எண்டு சொல்லுகினம்.

மழைக்காரி:

அக்கா ரொம்ப நன்றி, எனக்கு விட்டுப்போச்சு. அந்த மழைக்கு அடில ஒரு வழக்கம் இருக்கு, சொல்லிடுறேன். காத்து பெரும்பாலும் வடகிழக்குலேர்ந்துதான் வரும், மலைல மோதி அந்தப்பக்கம் கொட்டிடும், இந்தப்பக்கம் காஞ்சு கிடக்கும். ஹீலோல 3,000 மில்லிமீட்டர்னா அதே தீவுல கவாய்ஹாயேல 250 வந்தா அதிகம், கார்ல ஒண்ணரை மணி நேரம்தான். அதனால பழைய ஹவாய்ல நிலத்தைப் படுக்கையா பிரிக்கல, மலை உச்சிலேர்ந்து கடல் பவளப்பாறை வரைக்கும் கேக்குத் துண்டு மாதிரி நெட்டுக்குப் பிரிச்சாங்க, அஹுபுவாஆன்னு பேரு. மேல மரம், நடுவுல சேம்பு வயல், கீழ மீன் குளம், ஒரே ஓடைத் தண்ணி எல்லாத்துக்கும். கடலோரம் கல்லுச்சுவர் கட்டி மீன் வளப்பாங்க, மடைல கம்பு கம்பா அடிச்சிருப்பாங்க, குஞ்சு மீன் உள்ள வந்துடும், பெருத்ததும் வெளிய போக முடியாது. ஒவாஹுல ஹெயேயியா குளத்துச் சுவர் மட்டும் 2 கிலோமீட்டர், 600லேர்ந்து 800 வருஷப் பழசு, ஊர்ப் பிள்ளைங்க கல்லைத் தூக்கி வச்சு சரி பண்ணிட்டிருக்காங்க, நானும் ஒரு சனிக்கிழமை கல்லு சுமந்தேன். தண்ணிக்கு வாய், செல்வத்துக்கு வாய்வாய். தண்ணிய ரெண்டு தடவை சொன்னா சொத்து.

அந்தத் தண்ணிய கரும்புத் தோட்டக்காரங்க திருப்புனாங்க. மாவில லஹாய்னா ஒரு காலத்துல ராஜா இருந்த ஊரு, குளமும் ஈரமுமா இருந்த ஊரு. ஓடையெல்லாம் கரும்புக்குப் போச்சு. 1999ல ஆலை மூடுனாங்க, நிலம் சும்மா கிடந்தது, வெளியேர்ந்து வந்த கினியாப்புல் ஆளுயரம் வளந்து காஞ்சது. 2023 ஆகஸ்ட் 8 புயல் காத்துல தீப்பிடிச்சு நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச குடும்பம் ஒண்ணுக்கு வீடு போச்சு. அந்த ஊர் நடுவுல ஒரு ஆலமரம் இருக்கு, 1873ல இந்தியாவிலேர்ந்து கொண்டு போய் நட்ட கன்னு, விழுது இறங்கி ஒரு தெரு அளவுக்குப் படர்ந்தது. அதுவும் கருகிடுச்சு. லாரில தண்ணி கொண்டாந்து வேருக்கு ஊத்துனாங்க, கொஞ்ச வாரத்துல பச்சை தளிர் விட்டுது.

கணக்குப்பிள்ளை:

அக்கா கடைசியா ஒண்ணு, அவங்க பாஷை இப்ப பொழைச்சிருக்கா?

மழைக்காரி:

பொழைச்சிருக்கு தம்பி. மொத்தமே 13 எழுத்து, 5 உயிர், 8 மெய். 1834லேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல அந்தப் பாஷைல பத்திரிகை நடத்துன ஜனங்க. 1896ல பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் மட்டும்தான்னு சட்டம் வந்துது, பேசுன பிள்ளைங்களுக்கு அடி. 1980கள் தொடக்கத்துல அந்தப் பாஷை பேசுற சின்னப் பிள்ளைங்க நீஹாவ் தீவைத் தவிர்த்துப் பாத்தா விரல் விட்டு எண்ணுற அளவு. 1984ல கவாயில பூனானா லேயோன்னு ஒரு பாலர் பள்ளி தொறந்தாங்க, குரல்களோட கூடுன்னு அர்த்தம், அங்க தாத்தா பாட்டிங்கதான் பேசிப் பேசிப் பழக்குனாங்க. இப்ப ஹீலோ யுனிவர்சிட்டில அந்தப் பாஷைலயே டாக்டர் பட்டம் வரைக்கும் படிக்கலாம். எங்க பக்கத்து வீட்டுப் பாப்பா மழை வந்தா ஊவா ஊவான்னு கத்திக்கிட்டு வாசல்ல ஓடும்.

நெல்லைச்சீமை:

தங்கச்சி, என் மவன் அடுத்த மாசம் வேலை விஷயமா ஹொனலுலு போறான், அப்படியே அந்த எரிமலையும் பாத்துட்டு வாரேங்கான். என்ன சொல்லி அனுப்ப?

மழைக்காரி:

அண்ணாச்சி, ஹொனலுலு ஒவாஹுல இருக்கு, எரிமலைக்குப் பெரிய தீவுக்குத் தனியா விமானம் ஏறணும், முக்கால் மணி நேரம். 2024 டிசம்பர்லேர்ந்து ஹலெமாவுமாவு விட்டு விட்டுப் பொங்கிட்டிருந்துது, போற அன்னிக்கு நெருப்பு இருக்குமான்னு எரிமலைத் தேசியப் பூங்கா வெப்சைட்ல பாத்துக்கச் சொல்லுங்க. இல்லைன்னாலும் போகலாம், கருப்புப் பாறை வெடிப்புல செவப்பா ஓஹியா பூத்திருக்கும், லாவா ஆறுனதும் முதல்ல வர்ற மரம் அதுதான். இப்ப அதுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்திருக்கு, அதனால காட்டுக்குள்ள போறப்பவும் வர்றப்பவும் செருப்பைத் தேய்ச்சுக் கழுவணும், அதுக்குன்னு பிரஷ் வச்சிருப்பாங்க. அந்தப் பூவைப் பறிச்சா மழை வரும்பாங்க, பறிக்க வேணாம். கல்லு ஒண்ணும் எடுத்துட்டு வர வேணாம். பேலே சாபம்னு சொல்லிக்கிறது பின்னாடி வந்த கதைதான், ஆனா அது அவங்க மண்ணு. உச்சி விளிம்புல குளிரும், ஸ்வெட்டர் வேணும். ஹீலோ வழியா போனா குடை கண்டிப்பா.